முகத்தை மூடாதே என்று ஒரே வரியில் சட்டம் எழுத முடியுமா?

கேள்வி இதுதான்: "பொது இடத்தில் யாரும் முகத்தை மூடக்கூடாது என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் விஷயம் முடிந்துவிடுமே. இலங்கையில் 2019 இலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிரான்ஸ் போன்ற நாடுகள் செய்துவிட்டன. இங்கே மட்டும் ஏன் இந்த இழுபறி?"

கேட்டவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களும் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். நான் கிழக்கில் தொழில் செய்யும் சட்டத்தரணி. இந்தத் தடை தாளில் எப்படி இருந்தது, தெருவில் எப்படி இருந்தது என்று இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

முதலில் அந்த ஒரு வரியை நீங்களே எழுதிப் பாருங்கள். "பொது இடத்தில் எவரும் தமது முகத்தை மறைத்தலாகாது." சரி. இப்போது வீட்டு வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். டெங்கு புகை அடிக்க வந்தவர் மூக்கையும் வாயையும் கட்டியிருக்கிறார். வெல்டிங் கடைக்காரர் முகக்கவசத்தோடு கடைக்கு வெளியே, தெரு ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் கிளினிக்குக்கு மாஸ்க் போட்டுப் போகிறார். அம்பலாங்கொடைப் பக்கம் என்றால் மரமுகமூடி போட்டு ஆடுகிறவர்கள் பெரஹரா ஊர்வலத்தில் வருவார்கள். இவர்கள் எல்லாரும் உங்கள் ஒரு வரியால் குற்றவாளிகள். அதனால் உடனே இரண்டாவது வரி வேண்டும்: "ஆயினும், பின்வருவோருக்கு இது ஏற்புடையதாகாது." அந்தப் பட்டியல் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. இலங்கையில் முகம் மறைப்பதற்கு எதிரான முதல் பெரிய முயற்சி பெண்களின் உடுப்பைத் தொட்டதே இல்லை. 2015 இல் முழுமுகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து கொள்ளையடிக்கிறார்கள், கமராவில் முகம் தெரியவில்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தாடையையும் பல்லையும் காப்பாற்றுவது அந்த முழுமுகக் கவசம். அவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள், இடைக்காலத் தடை கிடைத்தது, தலைக்கவசம் தலையிலேயே இருந்தது. முகத்தை மறைக்கும் ஒரு பொருளுக்கு நியாயமான வேறு பயனும் இருந்தால், மொத்தமாகத் தடை போடுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தற்கொலைக் குண்டுத் தாக்குதல். மூன்று தேவாலயங்கள், கொழும்பின் ஹோட்டல்கள், 260க்கும் மேற்பட்ட உயிர்கள். எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 இல், அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மறைக்கும் ஆடைக்குத் தடை வந்தது. ஆளை அடையாளம் காண்பதற்கு இடைஞ்சலாக முழு முகத்தையும் மறைக்கும் எதையும் பொது இடத்தில் அணியக்கூடாது என்பது அதன் சாரம். புர்கா, நிகாப் என்ற சொற்கள் அதில் இல்லை. முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அந்த நேரத்தில் முகத்தை மூடுவதைத் தவிர்க்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலான பெண்கள் எதிர்ப்புக் காட்டாமல் கழற்றி வைத்தார்கள். சிலர் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இந்த இரண்டாவது கூட்டம் எந்தக் கணக்கிலும் வராது.

சட்டம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன இடம் அந்த ஒழுங்குவிதியில் இருந்தது. "முழு முகம்" என்றால் என்ன என்று வரைவிலக்கணம் கொடுத்தபோது, அதில் காதையும் சேர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு சொல். அது என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

அந்த மே மாதம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலையின் வாசல். கண்ணாடிக் கதவில் போட்டோகொப்பி எடுத்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மூன்று பெண் உருவங்கள், இரண்டுக்கு மேல் பெருக்கல் குறி. அறுபது வயது தாண்டிய ஒரு உம்மா, கையில் கிளினிக் கொப்பியும் ஒரு சொப்பிங் பையும். தலையில் பர்தா. முகம் முழுக்கத் திறந்திருந்தது, நெற்றியிலிருந்து நாடிவரை. காவலாளி தன் காதைத் தொட்டுக் காட்டி, "இது தெரிய வேண்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சத்தம் போடவும் இல்லை. மேலிடத்திலிருந்து தாள் வந்திருக்கிறது, காது தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உம்மா சுற்றிலும் பார்த்தார். வரிசையில் ஆண்கள் நின்றார்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பின்னைக் கழற்றி, துணியைப் பின்னால் தள்ளினார். பின்னை உதட்டில் கவ்விக்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை. காவலாளி தலையை ஆட்டினார், அவர் உள்ளே போனார். முகத்தை மூடாத ஒருவர், முகத்தை மூடுவதற்கு எதிரான விதியால் சுவரைப் பார்த்து நின்றார். அன்றிலிருந்து "ஒரு வரிதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பின்தான் ஞாபகம் வருகிறது.

இது ஒரு வாசலோடு நின்ற கதை இல்லை. முகத்துக்குப் போட்ட தடை தலைக்கும், தலையிலிருந்து உடலுக்கும் இறங்கியது. மே 29 இல் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ, கண்டிச் சேலையான ஒசரியோ அணிய வேண்டும். முகம் என்ற சொல்லுக்கும், முஸ்லிம் பெண்கள் அணியும் நீளங்கியான ஹபாயாவுக்கும் என்ன சம்பந்தம்? மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்ட பிறகுதான் அது திருத்தப்பட்டது. ஒரு தடையை அரசு போட்டதும், அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்களும் தங்களுக்கு ஏதோ அதிகாரம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கடைக்காரர், பஸ் நடத்துநர், காவலாளி என்று எல்லாரும் சட்டத்துக்கு உரை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சட்டவரைஞர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் இதைத் தடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வலித்தாலும். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்துக்குள் குண்டோடு போனவனின் கமராப் பதிவை நாடே பார்த்தது. முதுகில் பை. முகம் திறந்திருந்தது. வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டை வெடிக்க வைத்தவர்கள் ஆண்கள். யாருடைய முகமும் தெரியாததால் நடந்த அனர்த்தம் இல்லை அது. கிடைத்த உளவுத் தகவலைக் கணக்கில் எடுக்காததால் நடந்தது. பாதுகாப்புக்காகத் தடை என்று சொல்லும்போது, எந்தப் பாதுகாப்புக் குறையை அந்தத் தடை அடைக்கிறது என்று சட்டம் சொல்ல வேண்டும். இங்கே சொல்ல முடியவில்லை.

இனி பிரான்ஸ். "அவர்கள் செய்துவிட்டார்களே" என்பதற்கு வருகிறேன்.

2009 ஜூனில் அப்போதைய பிரான்ஸ் ஜனாதிபதி சார்க்கோசி வெர்சாய் மாளிகையில் பேசும்போது, புர்காவுக்குக் குடியரசின் மண்ணில் வரவேற்பு இல்லை என்றார். நாடாளுமன்றக் குழு அமைத்தார்கள், பல மாதங்கள் விசாரித்தார்கள். அந்த நேரத்து அரசாங்கக் கணக்கின்படி முழு முகத்திரை அணிந்த பெண்கள் நாடு முழுவதிலும் சுமார் 1,900 பேர். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் உயர் அமைப்பு 2010 மார்ச்சில் சொன்னது: பொதுவான, முழுமையான தடைக்கு உறுதியான சட்ட அடித்தளம் இல்லை, பாதுகாப்புத் தேவைப்படும் இடங்களுக்கும் அடையாளம் சரிபார்க்கும் நேரங்களுக்கும் மட்டுப்படுத்துங்கள். அதைத் தள்ளிவிட்டு, 2010 ஒக்டோபர் 11 இல் முழுத் தடையைச் சட்டமாக்கினார்கள். கீழ்ச்சபையில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. 2011 ஏப்ரல் 11 இலிருந்து நடைமுறை. அபராதம் 150 யூரோ வரை. ஒரு பெண்ணை மிரட்டியோ வற்புறுத்தியோ முகத்தை மூட வைத்தால் ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோவும்.

அந்தச் சட்டத்தை வாசித்தால் அதில் இஸ்லாம் இல்லை, பெண் இல்லை, முகத்திரை என்ற சொல்லும் இல்லை. "முகத்தை மறைப்பதற்கென்று ஆன உடையை எவரும் பொது இடத்தில் அணியக்கூடாது" என்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். அப்படித்தான் எழுதவும் முடியும். ஒரு மதத்தின் உடுப்பைப் பெயர் சொல்லித் தடைசெய்தால் சமத்துவம் என்ற முதல் படியிலேயே அது விழுந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதியதும் நான் முன்னே சொன்ன பட்டியல் வந்து நிற்கிறது: உடல்நலம், தொழில், விளையாட்டு, விழா, கலை, மரபு என்று விலக்கு மேல் விலக்கு. திருவிழா முகமூடியும் பனிச்சறுக்குக் கவசமும் கழிந்தபின் மிச்சம் இருப்பது யார்? அந்த 1,900 பெண்கள்தான். வாசலில் எல்லாரையும் கூப்பிட்டு, பின்கதவால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் வெளியே விடுகிற மாதிரி. நீதிமன்றங்களில் வாதாடுகிறவர்கள் பிடித்துக்கொள்கிற இடமும் இதுதான்.

ஒஸ்திரியா இதைத் தெருவில் அனுபவித்தது. அங்கே 2017 ஒக்டோபர் 1 இல் தடை வந்தது. சில நாட்களிலேயே வியன்னாவில் ஒரு கடையின் விளம்பரத்துக்காகச் சுறாமீன் வேஷம் போட்டு நின்ற ஒருவரைப் பொலிஸார் பிடித்தார்கள். தலையைக் கழற்றச் சொன்னார்கள், வேலை செய்கிறேன் என்று அவர் மறுத்தார், அபராதம் போட்டார்கள். குளிருக்குச் சால்வையால் வாயை மூடி சைக்கிளில் போனவர்களுக்கும் அதே கதி. பொலிஸாரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் "எவரும்" என்றால் அவர்கள் எவரையும் பிடிக்க வேண்டும். ஆளைப் பார்த்துப் பிடித்தால் பாகுபாடு, எல்லாரையும் பிடித்தால் சுறாமீனும் மாட்டும்.

சுவிட்சர்லாந்து 2021 மார்ச் 7 இல் மக்களிடமே கேட்டது. 51.2 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவு. நிகாப் அணியும் பெண்கள் அந்த நாட்டில் சுமார் 30 பேர் என்று லூசெர்ன் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டிருந்தது. முப்பது பேருக்காக அரசியலமைப்பில் ஒரு உறுப்புரை! 2025 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் விலக்குகளைப் பாருங்கள்: உடல்நலம், பாதுகாப்பு, காலநிலை, உள்ளூர் வழக்கம், கலை, கேளிக்கை, விளம்பரம். ஆம், விளம்பரமும். ஒரு கடையின் சரக்கை விற்பதற்காக முகத்தை மூடலாம், மனச்சாட்சிக்காகத் தெருவில் மூடக்கூடாது என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்கிறது. இதை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்த ஒரு வரியைக் காப்பாற்ற வேறு வழி இல்லாததால் அப்படி எழுதினார்கள்.

சரி, எதற்காகத் தடை? இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. நோக்கம் தெளிவாக இல்லாமல் எந்த நீதிமன்றத்திலும் ஒரு கட்டுப்பாட்டை நிறுத்தி வைக்க முடியாது. பிரான்ஸின் தடைக்கு எதிராக ஒரு முஸ்லிம் பெண் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் போனார். 2014 ஜூலை 1 இல் தீர்ப்பு. அரசு பல காரணங்களை முன்வைத்திருந்தது. பாதுகாப்பு என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை: சந்தேகம் வரும் இடத்தில் முகத்தைக் காட்டச் சொன்னாலே அந்த நோக்கம் நிறைவேறும், முழுத் தடை அளவுக்கு மிஞ்சியது என்றது. பெண்களின் சமத்துவம் என்பதையும் ஏற்கவில்லை: ஒரு பெண் தன் விருப்பத்தோடு அணிகிறேன் என்று சொல்லும்போது, அவளது சமத்துவத்தின் பெயராலேயே அவளைத் தடுக்க முடியாது என்றது. கடைசியில் மிஞ்சியது "சேர்ந்து வாழ்தல்". ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சமூக வாழ்வின் அடிப்படை என்ற அந்த ஒரே காரணத்தின் மேல் தடை நின்றது. பதினேழு நீதிபதிகளில் இருவர் அதையும் ஏற்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2018 ஒக்டோபரில், ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வேறு இரு பெண்களின் முறைப்பாட்டில் பிரான்ஸ் உரிமையை மீறியது என்றே முடிவு சொன்னது. ஆக, "பிரான்ஸ் செய்துவிட்டது" என்பது உண்மை. ஆனால் பாதுகாப்புக்காகச் செய்து வென்றது என்பது உண்மை இல்லை. இங்கே நம்மவர்கள் சொல்கிற காரணமோ பாதுகாப்பு.

"சேர்ந்து வாழ்தல்" என்ற சொல் எனக்குப் பிடித்த சொல்தான். நாம் மூன்று மொழி, நாலு மதம் என்று பேசிக்கொள்கிற நாட்டில் வாழ்கிறோம். ஆனால் அபராதச் சீட்டு கொடுத்து ஒருவரைச் சேர்ந்து வாழ வைக்க முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நடைமுறைக்கு வாருங்கள். பொலிஸ்காரர் தெருவில் ஒரு பெண்ணை நிறுத்துகிறார். முகத்திரையைக் கழற்றச் சொல்கிறார். அவர் மாட்டேன் என்கிறார். அடுத்து? கையால் இழுக்க முடியாது. பிரான்ஸ் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய வழிகாட்டலே பலவந்தமாகக் கழற்றக்கூடாது என்றுதான் சொன்னது. நிலையத்துக்குக் கூட்டிப்போய் அடையாளம் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். 150 யூரோவுக்காக ஒரு வாகனம், இரண்டு அதிகாரிகள், சில மணி நேரம். ரஷீத் நெக்காஸ் என்ற வணிகர் அந்த அபராதங்களைத் தானே கட்டுகிறேன் என்று அறிவித்துக் கட்டவும் செய்தார். 2013 ஜூலையில் பாரிஸுக்குப் பக்கத்தில் திராப் என்ற ஊரில் முகத்திரை அணிந்த ஒரு பெண்ணைச் சோதித்ததில் தொடங்கிய தகராறு கலவரமாகி, கூட்டம் பொலிஸ் நிலையத்தைச் சூழ்ந்தது. நெதர்லாந்து பஸ், பாடசாலை, வைத்தியசாலை, அரச அலுவலகம் என்று இடங்களை மட்டும் குறித்து 2019 ஓகஸ்டில் பகுதித் தடை கொண்டுவந்தது. அங்கேயும் போக்குவரத்து நிறுவனங்கள், இதற்காக வண்டியை நிறுத்தி வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன.

பிறகு கொரோனா வந்தது. 2020 மே மாதம் பிரான்ஸில் ரயிலிலும் பஸ்ஸிலும் மாஸ்க் கட்டாயம், போடாவிட்டால் 135 யூரோ. மறைத்தால் 150, மறைக்காவிட்டால் 135, இரண்டும் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்தன. ஹொங்கொங்கில் 2019 ஒக்டோபரில் போராட்டக்காரர்களுக்கு எதிராக, 1922 ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து முகமூடித் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டே அதே தெருக்களில் முகக்கவசம் கட்டாயமானது. இலங்கையிலும் அப்படித்தான். 2020 ஒக்டோபரில் மாஸ்க் போடாவிட்டால் குற்றம் என்று ஒழுங்குவிதி வந்தது. 2021 மார்ச்சில் அமைச்சர் சரத் வீரசேகர புர்காத் தடைக்கான அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அறிவித்தார், ஏப்ரல் 27 இல் அமைச்சரவையும் ஒப்புதல் கொடுத்தது. அந்த நாட்களில் நாட்டில் எல்லாருமே மூக்கும் வாயும் மூடித்தான் நடமாடினோம். கண் மட்டும் தெரியும் நிலையிலும் வங்கி நடந்தது, பாடசாலை நடந்தது, நீதிமன்றமும் நடந்தது.

அந்த அமைச்சரவை ஒப்புதல் சட்டமாகவில்லை. 2019 இன் தடை அவசரகால நிலை அந்த ஓகஸ்டில் காலாவதியானதோடு போய்விட்டது. அவசரகால ஒழுங்குவிதியாக எழுதுவது சுலபம், அது சில மாதம்தான் நிற்க வேண்டும். சாதாரணச் சட்டமாக எழுதும்போது அரசியலமைப்பு குறுக்கே நிற்கிறது. 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. 14ஆம் உறுப்புரை மதத்தை நடைமுறையில் வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. அதைத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். இங்கே இன்னொரு விசேஷம்: சபாநாயகர் கையொப்பமிட்டபின் ஒரு சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும்போது சில நாட்களுக்குள் இலங்கையின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் போனால்தான் உண்டு. அந்த நாட்களைத் தவறவிட்டால், "காது" போன்ற ஒரு சொல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாராளுமன்றமாகப் பார்த்துத் திருத்தும்வரை அதை அசைக்க முடியாது.

அப்படியானால் முகத்தைக் காட்டவே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. அடையாளம் தேவைப்படும் நொடியில் முகத்தைக் காட்டு என்பது ஒரு விதி. எப்போதும் எங்கேயும் மூடாதே என்பது வேறு விதி. முதலாவதை எழுதலாம், காப்பாற்றலாம், பெரும்பாலான பெண்கள் மறுப்பதும் இல்லை. 2006 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது: வாக்காளர் பட்டியலில் புகைப்படம் அச்சிடுவது முகத்தை மூடும் கோஷாப் பெண்களின் மத உரிமைக்கு எதிரானது என்று. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, படம் பட்டியலில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் முகத்திரையோடு வரும் பெண்ணைப் பெண் அலுவலர் சரிபார்ப்பார். அரை நிமிட வேலை.

என்னிடம் வரைவு கேட்டால் இப்படித்தான் எழுதுவேன்: அடையாள அட்டை சரிபார்க்கும்போது, விமானநிலையத்தில், வங்கியில் கையொப்பம் வைக்கும்போது, பரீட்சை மண்டபத்தில், வாக்களிக்கும்போது, நியாயமான சந்தேகத்தின் பேரில் பொலிஸ் கேட்கும்போது, முகத்தைக் காட்ட வேண்டும். பெண் என்றால், அவர் கேட்டால், பெண் அலுவலர் முன்னால், மறைவான இடத்தில். பார்த்து முடிந்ததும் மூடிக்கொள்ளலாம். "முகம்" என்பது நெற்றியிலிருந்து நாடிவரை, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை. காது அதில் அடங்காது. அந்த வைத்தியசாலை வாசலில் ஒரு பக்கமாகத் திரை கட்ட நாலு முழத் துணி போதும், ஒரு பெண் ஊழியரும் வேண்டும்.